வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் பெப்டைடுகள்: ஆய்வகத்தில் ஒப்பிடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜிஎச்ஆர்எச், ஜிஎச்ஆர்பி இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்தத் துறையில் நடக்கும் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஜிஎச்ஆர்எச் என்பது வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கத் தூண்ட மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி இயற்கையாகச் சுரக்கும் 44 அமினோ அமிலப் பெப்டைடு. 1982இல் கணையக் கட்டிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. முதல் 29 அமினோ அமிலங்களே வேலைக்குப் போதும். அந்தத் துண்டுதான் செர்மோரெலின். டெசாமோரெலினும் சிஜேசி-1295உம் இதே குடும்பம். இவை ஜிஎச்ஆர்எச் ஏற்பியில் அமர்ந்து, ஜிஎஸ் புரதம் வழியாகச் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறை ஏற்றுகின்றன.

ஜிஎச்ஆர்பி-6, ஜிஎச்ஆர்பி-2, ஹெக்சரெலின், இபாமோரெலின் ஆகியவை வேறு குடும்பம்: ஜிஎச்ஆர்பி, அதாவது வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் செயற்கைப் பெப்டைடுகள். ஐந்து ஆறு அமினோ அமிலங்களே கொண்டவை, ஆய்வகத்தில் உருவானவை. இவை அமர்வது ஜிஎச்எஸ்-ஆர்1ஏ என்ற ஏற்பியில், அதாவது வயிறு சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலினின் ஏற்பியில். அங்கிருந்து ஜிக்யூ புரதம், பாஸ்போலிபேஸ் சி, ஐபி3 வழியாகக் கால்சியம் ஏறுகிறது. எனவே செர்மோரெலினையும் இபாமோரெலினையும் ஒரே அட்டவணையில் போட்டு ‘எது வலியது’ என்று கேட்பதில் பொருளில்லை. ஏற்பி வேறு, அளக்க வேண்டிய பொருளும் வேறு.

எம்கே-677 என்ற சேர்மமும் கிரெலின் ஏற்பியில்தான் வேலை செய்கிறது, ஆனால் அது பெப்டைடே அல்ல. கீழே சொல்லும் கரைப்பு, சேமிப்பு விதிகள் அதற்குப் பொருந்தாது.

ஏற்பி தெரியுமுன் பெப்டைடு எப்படி வந்தது?

டுலேன் பல்கலைக்கழகத்தில் சிரில் பவர்ஸ் குழு 1970களில் மெட்-என்கெஃபலின் என்ற ஓபியாய்டு (வலி அடக்கும் வகை) பெப்டைடை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தபோது, ஓபியாய்டு குணம் இல்லாமல் வளர்ச்சி ஹார்மோனை மட்டும் சுரக்கவைக்கும் சில பெப்டைடுகள் கிடைத்தன. அந்த வரிசையில் 1980களின் தொடக்கத்தில் வந்தது ஜிஎச்ஆர்பி-6. மெர்க் நிறுவனத்தினர் ஏற்பியைக் குளோன் செய்தது 1996இல். கோஜிமாவும் கங்காவாவும் வயிற்றிலிருந்து கிரெலினைப் பிரித்தது 1999இல். மருந்து முதலில், ஏற்பி அடுத்து, உடலின் சொந்த ஹார்மோன் கடைசியில். இந்த வரிசையை நினைவில் வைத்தால் பழைய கட்டுரைகளைப் படிப்பது எளிது: 1996க்கு முந்தைய தரவு பெரும்பாலும் பிட்யூட்டரி செல்களிலோ முழு விலங்கிலோ எடுத்தது, குளோன் செய்த ஏற்பியில் எடுத்த எண்களோடு அதை நேராகப் பொருத்த முடியாது.

நான்கு ஜிஎச்ஆர்பிகளையும் பக்கத்தில் வைத்தால் என்ன வேறுபாடு?

ஜிஎச்ஆர்பி-6: ஹிஸ்டிடின், டி-டிரிப்டோபேன், அலனின், டிரிப்டோபேன், டி-பினைலலனின், லைசின், முனையில் அமைடு. மூலக்கூறு எடை 873. பசியைத் தூண்டும் குணம் தெளிவாகத் தெரியும். தீவன அளவையும் சேர்த்து அளக்கும் ஆய்வில் இதை மறக்கக் கூடாது.

ஹெக்சரெலின்: ஏறக்குறைய அதே பெப்டைடு. இரண்டாம் இடத்து டி-டிரிப்டோபேனில் ஒரு மெத்தில் குழு கூடுதல். எடை 887. அந்த மெத்தில் குழு ஆக்சிஜனேற்றத்தைத் தாங்க உதவுகிறது. ஹெக்சரெலினுக்கு இன்னொரு பிணைப்பிடமும் உண்டு, சிடி36 என்ற செல் சவ்வுப் புரதம். இதயத் தசையில் காணும் விளைவுகளில் ஒரு பங்கு அதன் வழி வருகிறது. இதயச் செல்லில் ஹெக்சரெலின் காட்டும் விளைவைக் கிரெலின் ஏற்பியின் கணக்கில் எழுதுமுன், அந்த ஏற்பி இல்லாத செல்லிலோ அதன் மரபணு நீக்கப்பட்ட நாக்-அவுட் விலங்கிலோ சோதித்துப் பாருங்கள்.

ஜிஎச்ஆர்பி-2, மறுபெயர் பிரால்மோரெலின்: டி-அலனின், டி-2-நாப்தைலலனின், அலனின், டிரிப்டோபேன், டி-பினைலலனின், லைசின்-அமைடு. எடை 818. வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டைக் கண்டறியும் சோதனை மருந்தாக ஜப்பானில் அனுமதி பெற்றது.

இபாமோரெலின்: அமினோஐசோபியூட்டிரிக் அமிலம், ஹிஸ்டிடின், டி-2-நாப்தைலலனின், டி-பினைலலனின், லைசின்-அமைடு. ஐந்தே அமிலங்கள், எடை 712. 1998இல் நோவோ நார்டிஸ்க் குழு வெளியிட்டது. இதன் தனித்தன்மை வலிமையில் இல்லை. வளர்ச்சி ஹார்மோனை மட்டும் தேர்ந்து சுரக்கவைப்பதில் இருக்கிறது. ஜிஎச்ஆர்பி-6உம் ஜிஎச்ஆர்பி-2உம் பன்றிகளில் ஏசிடிஎச், கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன்கள் இரண்டையும் ஏற்றின. இபாமோரெலின், வளர்ச்சி ஹார்மோனுக்குத் தேவையான டோஸைப் போல 200 மடங்குக்கு மேல் கொடுத்தும், ஜிஎச்ஆர்எச் கொடுத்தபோது இருந்த அளவுக்கு மேல் அவற்றை ஏற்றவில்லை.

அதே ஆய்வின் எண்கள் வலிமை என்பதையும் உச்சம் என்பதையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தருகின்றன. பாதி விளைவுக்கான டோஸ் பன்றியில் கிலோவுக்கு இபாமோரெலினுக்கு 2.3 நானோமோல், ஜிஎச்ஆர்பி-6க்கு 3.9, ஜிஎச்ஆர்பி-2க்கு 0.6. உச்ச அளவு மி.லி.க்கு முறையே 65, 74, 56 நானோகிராம். ஆக, மிகக் குறைந்த டோஸில் வேலை செய்த ஜிஎச்ஆர்பி-2 எட்டிய உச்சம்தான் மூன்றிலும் தாழ்ந்தது. ஒரே டோஸில் மூன்றையும் கொடுத்து யார் மேலே என்று பார்க்கும் ஆய்வில் இது தெரியவே தெரியாது. குறைந்தது ஐந்து டோஸ் கொண்ட வளைகோடு வேண்டும்.

குப்பியில் 5 மி.கி. என்று எழுதியிருக்கிறது. அதை அப்படியே கணக்கில் எடுக்கலாமா?

கூடாது. ஒப்பீடுகள் தவறிப்போவதற்கு நாங்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

குப்பியில் இருப்பது உப்பு. எச்பிஎல்சி என்ற பிரிப்பு முறையில் டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம் (டிஎஃப்ஏ) கொண்டு சுத்திகரித்த பெப்டைடில், நேர்மின் ஏற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு டிஎஃப்ஏ மூலக்கூறு ஒட்டியிருக்கும். அதன் எடை 114. ஜிஎச்ஆர்பி-6இல் அத்தகைய இடங்கள் மூன்று: அமினோ முனை, ஹிஸ்டிடின், லைசின். கணக்கு: 873 + 342 = 1215. அதாவது தூளின் எடையில் பெப்டைடு 72 சதவீதம்தான். இபாமோரெலினிலும் மூன்று இடங்கள், ஆனால் மூலக்கூறு சிறியது, 67.5 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஜிஎச்ஆர்பி-2இல் ஹிஸ்டிடின் இல்லை, இரண்டே இடங்கள், 78 சதவீதம். இதற்கு மேல் ஈரப்பதமும் சில சதவீதம் இருக்கும்.

இப்போது மூன்றையும் எடை போட்டு ‘சம அளவு’ என்று கொடுத்தால், ஆரம்பத்திலேயே ஜிஎச்ஆர்பி-2க்குச் சாதகம். அசிட்டேட் உப்பாக வந்தால் இழப்பு குறைவு. ஜிஎச்ஆர்பி-6க்கு 83 சதவீதம். ஒரு பெப்டைடு டிஎஃப்ஏ உப்பாகவும் மற்றது அசிட்டேட்டாகவும் வந்திருந்தால் கணக்கு இன்னும் விலகும்.

செய்ய வேண்டியது: பகுப்பாய்வுச் சான்றிதழில் நிகரப் பெப்டைடு அளவு என்ற வரியைத் தேடுங்கள். அமினோ அமிலப் பகுப்பாய்விலோ நைட்ரஜன் அளவீட்டிலோ வந்த எண்ணாக இருக்க வேண்டும். உதாரணமாக, 5 மி.கி. ஜிஎச்ஆர்பி-6, நிகர அளவு 75 சதவீதம்: 3.75 மி.கி. பெப்டைடு, 873ஆல் வகுத்தால் 4.3 மைக்ரோமோல். 1 மில்லிமோலார் ஸ்டாக் (மூலக் கரைசல்) வேண்டுமானால் 4.3 மி.லி. சேர்க்க வேண்டும். 5 மி.கி. என்றே நம்பியவர் 5.7 மி.லி. சேர்த்திருப்பார், அவர் லேபிளில் 1 மில்லிமோலார் என்று எழுதியது உண்மையில் 0.75தான்.

தூய்மை 98 சதவீதம் என்கிறார்களே, அது போதாதா?

அது வேறு எண். எச்பிஎல்சியில் 214 அல்லது 220 நானோமீட்டரில் தெரியும் முகடுகளில் எத்தனை சதவீதம் முதன்மை முகடு என்பதே தூய்மை. உப்பும் தண்ணீரும் அந்த அலைநீளத்தில் முகடாக வருவதில்லை. 98 சதவீதத் தூய்மையும் 68 சதவீத நிகர அளவும் ஒரே குப்பியில் இருப்பது சாதாரணம்.

மாஸ் ஸ்பெக்ட்ரமும் கட்டாயம் பாருங்கள். ஒற்றைப் புரோட்டான் ஏற்ற அயனி ஜிஎச்ஆர்பி-6க்கு 873.4, ஜிஎச்ஆர்பி-2க்கு 818.4, ஹெக்சரெலினுக்கு 887.5, இபாமோரெலினுக்கு 712.4 என வரவேண்டும். இரட்டைப் புரோட்டான் முகடுகள் பெரும்பாலும் இதைவிட உயரமாக இருக்கும்: 437.2, 409.7, 444.2, 356.7. ஜிஎச்ஆர்பி-6இல் 16 அல்லது 32 கூடிய முகடு தெரிந்தால் டிரிப்டோபேன் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது.

மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி காட்டாத ஒன்றும் உண்டு. டி-பினைலலனின் இருக்க வேண்டிய இடத்தில் அதன் கண்ணாடிப் பிம்பமான எல்-பினைலலனின் இருந்தால் எடை அதேதான். உயிர்ச் செயல்பாடு சரிந்துவிடும். இந்தப் பெப்டைடுகள் நொதிகளிடம் தப்புவதும் ஏற்பியில் பொருந்துவதும் டி வடிவ அமிலங்களால்தான். மெதுவான கிரேடியன்டில், 30 நிமிடத்தில் 15இலிருந்து 40 சதவீத அசிட்டோநைட்ரைல் வரை ஓட்டினால், இத்தகைய மாற்று வடிவம் பெரும்பாலும் தனி முகடாகப் பிரியும். நம்பகமான ஒப்பீட்டு மாதிரியோடு கலந்து ஓட்டிப் பாருங்கள்.

புறஊதா ஒளியில் 280 நானோமீட்டரில் செறிவை அளக்கலாமா?

ஜிஎச்ஆர்பி-6க்கு நன்றாக வேலை செய்யும். இரண்டு டிரிப்டோபேன், மோலார் உறிஞ்சல் சுமார் 11,000. செர்மோரெலினில் இரண்டு டைரோசின், சுமார் 3,000. இபாமோரெலினில் டிரிப்டோபேனும் இல்லை, டைரோசினும் இல்லை. உறிஞ்சுவது நாப்தைல் குழு. மென்பொருளில் வரிசையைத் தட்டினால் பூஜ்யம் என்று காட்டும், அல்லது நாப்தைலலனினை வேறு எதுவோ என்று எடுத்துக்கொள்ளும். ஜிஎச்ஆர்பி-2இல் இரண்டும் கலந்திருக்கின்றன. இந்த இரண்டுக்கும் அமினோ அமிலப் பகுப்பாய்வே வழி. கரைசலில் பென்சைல் ஆல்கஹால் இருந்தால் புறஊதா அளவீட்டை நம்பவே வேண்டாம்.

எதில் கரைப்பது, எப்படி வைப்பது?

குப்பி மைனஸ் 20 டிகிரியில் இருக்கட்டும். மாதக்கணக்கில் என்றால் மைனஸ் 80. வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். டெசிக்கேட்டரில் அரை மணி நேரமாவது வைத்து அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். குளிர்ந்த தூள்மேல் காற்றின் ஈரம் படிந்தால் அடுத்த முறை எடை போடுவது பொய்யாகிவிடும், சிதைவும் வேகமாகும். சென்னை ஈரப்பதத்தில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை.

நான்கு ஜிஎச்ஆர்பிகளும் தண்ணீரில் நன்றாகக் கரையும். 0.1 சதவீத அசிட்டிக் அமிலம் இன்னும் நல்லது. லேசான அமிலத்தில் சிதைவும் ஒட்டுதலும் குறைவு. குப்பியைக் குலுக்காமல் மெல்லச் சுழற்றுங்கள். 1 மில்லிமோலார் ஸ்டாக்கை 20 அல்லது 50 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள். உருக்கிய பங்கை மறுபடி உறையவைக்க வேண்டாம். டிரிப்டோபேன் உள்ளவற்றை வெளிச்சத்தில் விடக் கூடாது. செர்மோரெலினில் 27ஆம் இடத்தில் மெத்தியோனின் இருப்பதால் அதை ஆக்சிஜனேற்றும் டிஎம்எஸ்ஓ கரைப்பானைத் தவிர்ப்பது நல்லது.

பெப்டைடோடு சேர்த்து விற்கப்படும் 0.9 சதவீதப் பென்சைல் ஆல்கஹால் கலந்த நீரைச் செல் வளர்ப்பில் பயன்படுத்தாதீர்கள். அது செல் சவ்வையே பாதிக்கும். வந்த விளைவு யாருடையது என்று சொல்ல முடியாது.

டிஎஃப்ஏவும் செல்லைத் தொடும். எலும்புச் செல்களின் பெருக்கத்தை அது தடுப்பதாகத் தரவு இருக்கிறது. நீண்ட நாள் பெருக்க ஆய்வு என்றால் அசிட்டேட் உப்பாக வாங்குங்கள், அல்லது 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து உறையவைத்து உலர்த்துவதை இரண்டு மூன்று முறை செய்து குளோரைடாக மாற்றுங்கள். மாற்றியபின் நிகர அளவை மீண்டும் அளக்க வேண்டும்.

மைக்ரோமோலாரில் வேலை செய்கிறது, நானோமோலாரில் செய்யவில்லை. ஏன்?

பெப்டைடு குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். டிரிப்டோபேன், நாப்தைல், பினைல் என்று நீரை வெறுக்கும் பகுதிகள் ஒரு பக்கம், நேர்மின் மறு பக்கம். பிளாஸ்டிக், கண்ணாடி இரண்டிலும் ஒட்டும். ஸ்டாக்கில் இது தெரியாது. 1 நானோமோலாரில் இருப்பதில் பெரும்பகுதியே போய்விடக்கூடும். வளைகோட்டின் கீழ்ப்பகுதி செங்குத்தாக விழுந்து, அதன் சரிவைச் சொல்லும் ஹில் எண் 2 என்றெல்லாம் வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

செய்ய வேண்டியது: குறை-ஒட்டுதல் குழாய்கள், பஃபரில் 0.1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்), ஒவ்வொரு படிக்கும் புதிய டிப், நீர்த்தவற்றை அன்றே தயாரித்து ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்துவது. வடிகட்ட வேண்டுமானால் பிஈஎஸ் அல்லது பிவிடிஎஃப் வடிகட்டியில், ஸ்டாக் செறிவிலேயே வடிகட்டுங்கள்.

எந்தச் செல்லில் சோதிப்பது?

ஏற்பியின் வலிமை மட்டும் வேண்டுமென்றால், ஜிஎச்எஸ்-ஆர்1ஏவை வெளிப்படுத்தும் எச்இகே293 என்ற மனிதச் செல் வரிசையில் கால்சியம் அளவீடு. கால்சியத்தைக் காட்டும் ஃப்ளுவோ-4 சாயம் ஏற்றிய செல்லில் முகடு சில பத்து விநாடிகளுக்குள் வந்து போய்விடும். எனவே பெப்டைடைச் செலுத்தியபடியே படிக்கும் கருவி வேண்டும். தட்டை வெளியே எடுத்துப் பெப்டைடு சேர்த்துவிட்டு உள்ளே வைப்பவர் மிச்சத்தை மட்டுமே பார்ப்பார்.

ஐபி3 சிதைந்து உருவாகும் ஐபி1ஐ அளந்தால் இன்னொரு சிக்கல். இந்த ஏற்பி எதுவும் பிணையாதபோதே உச்சத்தில் ஏறத்தாழ பாதி அளவுக்குத் தானாக இயங்குவது. அதிகம் வெளிப்படுத்திய செல்லில் அடிமட்டமே உயர்ந்திருக்கும், அளக்க இடம் குறையும். டெட்ராசைக்ளின் கொண்டு கட்டுப்படுத்தும் செல் வரிசையில் வெளிப்பாட்டைக் குறைத்து வைத்தால் இடைவெளி திரும்பக் கிடைக்கும்.

எலிப் பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து வந்த ஜிஎச்3 செல்லை எடுத்து ஜிஎச்ஆர்எச் கொடுத்து ‘மருந்து கெட்டுவிட்டது’ என்பார்கள் பலர். மருந்தில் குறையில்லை. ஜிஎச்3 வளர்ச்சி ஹார்மோன் சுரந்தாலும் அதில் செயல்படும் ஜிஎச்ஆர்எச் ஏற்பி கிடையாது. சுரப்பையே அளக்க வேண்டுமானால் எலிப் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த முதல்நிலைச் செல்கள்தான். மூன்று நான்கு நாள் வளர்த்து, சீரம் இல்லாத மீடியத்தில் இருமுறை கழுவி, 15 நிமிடம் தூண்டுங்கள்.

இரண்டாம் முறை கொடுத்தால் விளைவு ஏன் குறைகிறது?

ஏற்பி உணர்விழந்து செல்லுக்குள் போய்விடுகிறது. நிமிடக்கணக்கில் உள்ளே போவது மேலே திரும்ப மணிக்கணக்கில் ஆகும். தட்டின் ஒரே கிணற்றில் (குழியில்) ஏறுவரிசையில் டோஸ்களைச் சேர்த்து வளைகோடு வரையவே கூடாது. ஒவ்வொரு செறிவுக்கும் தனிக் கிணறு. ஹெக்சரெலினைத் தொடர்ந்து பல வாரம் கொடுக்கும் ஆய்வில் சுரப்பு படிப்படியாகத் தேய்வதும் அறிந்ததே. ஜிஎச்ஆர்பியால் சோர்ந்த செல் ஜிஎச்ஆர்எச்சுக்கு இன்னும் பதில் தருகிறதா என்று சோதித்தால், ஏற்பி சோர்ந்ததா, ஹார்மோன் கையிருப்பு தீர்ந்ததா என்று பிரிக்கலாம்.

எலிக்கு எலி முடிவு மாறுகிறதே?

ஆண் எலியில் வளர்ச்சி ஹார்மோன் ஏறத்தாழ 3.3 மணிக்கு ஒரு முறை அலையாக எழுந்து விழுகிறது. இடைப்பட்ட தாழ்வில் சுரப்பை அடக்கும் சோமாடோஸ்டாட்டின் மேலோங்கியிருக்கும். அப்போது கொடுத்த ஜிஎச்ஆர்எச் ஏதும் செய்யாமல் போகலாம். பெண் எலியில் அலைகள் சிறியவை, ஒழுங்கற்றவை, அடிமட்டம் உயர்வு. ஒரே வேளையில் ஊசி போட்டோம் என்பது போதாது. ஒவ்வொரு எலியின் அலையும் தனி.

வழி இரண்டு. பென்டோபார்பிட்டால் மயக்கத்தில் செய்வது. அலை அடங்கி முடிவு சீராகும். அல்லது கழுத்துச் சிரையில் குழாய் பொருத்தி, ஊசிக்கு முன்பே பல மாதிரி எடுத்து அலையின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அறிந்து செய்வது. சிரைவழி கொடுத்தபின் உச்சம் 5 முதல் 15 நிமிடத்துக்குள் வரும். முதல் மாதிரியை 30ஆம் நிமிடத்தில் எடுப்பவர் உச்சத்தைத் தவறவிடுவார். 5, 10, 15, 20, 30, 60 நிமிடங்களில் 0.2 மி.லி. வீதம் எடுத்து, சிவப்பணுக்களைச் சலைனில் கலந்து திருப்பிச் செலுத்துங்கள். 250 கிராம் எலியின் மொத்த ரத்தமே 16 மி.லி. அளவுதான். இந்தியாவில் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் இதில் எதையும் தொடங்க முடியாது. ரத்த அளவுக் கணக்கு விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும்.

இரண்டு குடும்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால்?

தனித்தனி விளைவுகளைக் கூட்டினால் வருவதைவிட அதிகம் சுரக்கும். பிட்யூட்டரி செல்லில் சைக்ளிக் ஏஎம்பியும் கால்சியமும் சேர்ந்து வேலை செய்வது ஒரு காரணம். முழு விலங்கில் ஜிஎச்ஆர்பி ஹைப்போதலாமஸின் ஆர்க்குவேட் பகுதியையும் தூண்டுகிறது. அதனால்தான் ஜிஎச்ஆர்பியின் விளைவு உடலின் சொந்த ஜிஎச்ஆர்எச்சைச் சார்ந்திருக்கிறது: ஜிஎச்ஆர்எச்சை முடக்கும் எதிர்சீரம் கொடுத்த எலியில் விளைவு குறைகிறது, ஜிஎச்ஆர்எச் ஏற்பி பழுதான ‘லிட்டில்’ சுண்டெலியில் சுரப்பே இல்லை. தட்டில் மிதமாகத் தெரியும் பெப்டைடு விலங்கில் பலமாகத் தெரிந்தால் வியக்க வேண்டாம்.

சேர்க்கை ஆய்வில் வாகனக் கரைசல் (பெப்டைடு இல்லாத கரைசல்), ஒன்று மட்டும், மற்றது மட்டும், இரண்டும் என நான்கு குழுக்கள் வேண்டும். உச்ச டோஸில் செய்தால் கூடுதல் விளைவு தெரிய இடமிருக்காது. இரண்டையும் பாதி விளைவு டோஸ் அருகே வையுங்கள்.

சிஜேசி-1295 என்ற பெயரில் இரண்டு பொருள்கள் வருகின்றனவே?

ஆம், ஆர்டர் செய்யுமுன் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: 29 அமில ஜிஎச்ஆர்எச்சில் நான்கு மாற்றங்கள். 2ஆம் இடத்தில் டி-அலனின், டிபிபி-4 நொதி வெட்டாமலிருக்க. 8இல் அஸ்பராஜினுக்குப் பதில் குளூட்டமின், அமைடு குழு உதிராமலிருக்க. 15இல் கிளைசினுக்குப் பதில் அலனின், சுருள் வடிவம் உறுதிப்பட. 27இல் மெத்தியோனினுக்குப் பதில் லூசின், ஆக்சிஜனேற்றம் தவிர்க்க. எடை 3368 என்றால் இந்த அடிப்படை வடிவம்.

இதன் முனையில் மலேமைடு ஏந்திய லைசின் சேர்ந்ததுதான் டிஏசி (அல்புமினோடு பிணைக்கும் பகுதி) உள்ள அசல் சிஜேசி-1295. மலேமைடு ரத்த அல்புமினின் 34ஆம் இடத்துச் சிஸ்டீனோடு நிரந்தரமாகப் பிணைகிறது. மனிதரில் அரை ஆயுள் 6 முதல் 8 நாள். இயற்கை ஜிஎச்ஆர்எச்சுக்குச் சில நிமிடங்கள்தான். இங்கே ஒரு பொறி: ஒட்டுதலைத் தடுக்கப் பஃபரில் பிஎஸ்ஏ சேர்க்கச் சொன்னோம் அல்லவா, டிஏசி உள்ள பெப்டைடு அந்த அல்புமினோடும் பிணையும். பிறகு நீங்கள் சோதிப்பது பெப்டைடை அல்ல, பெப்டைடு-அல்புமின் கூட்டை. டிடிடி போன்ற தயோல் எதுவும் பஃபரில் இருக்கக் கூடாது. நடுநிலை நீரில் மலேமைடு தானாகவும் சிதையும். கரைசலாகச் சேமிக்க ஏற்றதல்ல.

ஒப்பிட எதைக் கட்டுப்பாடாக வைப்பது?

கிரெலின், ஆனால் அசைல் கிரெலின். 3ஆம் இடத்துச் செரினில் உள்ள ஆக்டனாயில் குழு போய்விட்டால் இந்த ஏற்பிக்கு அது கிட்டத்தட்ட செத்த பெப்டைடு, சீரத்தில் உள்ள எஸ்டரேஸ்கள் அந்தக் குழுவை வேகமாக வெட்டும். சீரம் உள்ள மீடியத்தில் ஜிஎச்ஆர்பி-6 கிரெலினைவிட வலியதாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் இந்தச் சிதைவுதான். ரத்த மாதிரியில் அசைல் கிரெலின் அளக்க வேண்டுமானால் எடுத்த உடனே எஸ்டரேஸ் தடுப்பானும், பிளாஸ்மா பிரித்தபின் ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பத்தில் ஒரு பங்கும் சேர்க்க வேண்டும்.

தடுப்பானாக [டி-லைசின்3]-ஜிஎச்ஆர்பி-6 பரவலாகப் பயன்படுகிறது. மைக்ரோமோலார் அளவு தேவைப்படுவதால் மற்ற ஏற்பிகளையும் தொடும். அதை மட்டும் வைத்து முடிவு சொல்லாமல், ஏற்பி இல்லாத செல்லையும் கூடவே வையுங்கள்.

ஆராய்ச்சிக் குப்பியை மனிதர் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. ஆய்வக உபயோகத்துக்கு மட்டும் என்று விற்கும் குப்பிக்குக் கிருமியின்மை, எண்டோடாக்சின் (பாக்டீரிய நச்சு) அளவு, நிகர அளவு எதுவும் மருந்துத் தரத்தில் உறுதி செய்யப்படுவதில்லை. மேலே சொன்ன எல்-டி மாற்றமும் ஆக்சிஜனேற்றமும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாக் குப்பியும் ஒரே வெள்ளைத் தூள்தான். இந்தக் குடும்பத்தில் அனுமதி பெற்றவை குறிப்பிட்ட நோய்க்கும் சோதனைக்கும் மட்டும்: எச்ஐவி நோயாளிகளின் வயிற்றுக் கொழுப்புக்கு 2010இல் அமெரிக்காவில் டெசாமோரெலின், வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டுச் சோதனைக்கு 2017இல் வாய்வழி மருந்தான மாசிமோரெலின் போன்றவை. விளையாட்டு வீரர்களுக்கு இரண்டு குடும்பங்களுமே உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் உள்ளவை. போட்டி இல்லாத நாளிலும் தடைதான்.

எண்டோடாக்சின் செல் ஆய்வுக்கும் பொருந்தும். பிட்யூட்டரி வளர்ப்பில் உள்ள செல்கள் எல்பிஎஸ் என்ற எண்டோடாக்சினுக்குப் பதில் தருபவை. புதிய தொகுதி வந்ததும் எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனை செய்து, தொகுதி எண்ணை ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தொகுதி மாறினால் பழைய தொகுதியின் ஒரு பங்கை எடுத்துவைத்து இரண்டையும் ஒரே நாளில், ஒரே தட்டில் ஓட்டிப் பாருங்கள்.